சர்க்கஸ் வளையமும் சிறுவர் உழைப்பும்: தலச்சேரி மரபு பற்றிய ஒரு நோக்கு

சர்க்கஸ் சிறுவர்க்குரிய கேளிக்கை என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். கலை வரலாற்றாசிரியர் பலர் அதனை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளாது விட்டமைக்கு இக்கருத்தும் ஒரு காரணம் எனலாம். ஒரு கலைவடிவம் யாருக்காக நிகழ்த்தப்படுகின்றது என்னும் வினாவோடு, யாருடைய உழைப்பினால் நிகழ்த்தப்படுகின்றது என்னும் வினாவும் எழுப்பப்படல் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே எழுப்புமிடத்து, சர்க்கஸ் வரலாற்றில் ஆழ்ந்ததொரு முரண்பாடு புலனாகின்றது. கூடாரத்தில் அமர்ந்து கண்டு களித்தோரும் சிறுவர். வளையத்தினுள் உழைத்தோரிற் பலரும் சிறுவர்.

தோற்றத்தின்போது சர்க்கஸ் சிறுவர் கலையாக இருக்கவில்லை. 1768இல் இலண்டனில் பிலிப் ஆஸ்ட்லி தொடக்கியது குதிரையேற்றக் காட்சியேயாகும். குதிரைப்படையிலிருந்து விலகிய அவர், போர்க்களத்துக்கெனக் கற்ற திறனை நுழைவுக் கட்டணத்திற்கு விற்கத் தலைப்பட்டார். வட்டமாக ஓடும் குதிரையின் மீது மனிதன் நிலைகுலையாது நிற்றல் எளிதாகும் என்னும் நடைமுறை அறிவிலிருந்தே 42 அடி விட்டமுள்ள வளையம் காலப்போக்கில் நியமமாயிற்று. படைக்கும் பிரபுக்களுக்கும் உரியதாயிருந்த ஒரு திறன் சந்தைப் பண்டமாக மாறிய வரலாற்றுக் கட்டம் இதுவாகும்.

இந்தியாவிலும் இதனையொத்த மாற்றமே நிகழ்ந்தது. கியாரினி என்னும் இத்தாலியரின் குழு 1879இல் பம்பாயில் காட்சி நடத்தியது. குருந்த்வாட் சமஸ்தானத்தின் ஆதரவிலிருந்த குதிரைப் பயிற்றுநர் விஷ்ணுபந்த் சத்ரே, அதற்கு நிகரானதொன்றை இந்தியராலும் அமைக்க முடியும் எனக் காட்ட முனைந்து, 1880 மார்ச் 20ஆம் நாள் தமது சர்க்கஸை அரங்கேற்றினார். சமஸ்தான ஆதரவிலிருந்து கட்டணம் செலுத்தும் பொதுமக்களை நோக்கிக் கலை பெயர்ந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

சத்ரேயின் குழு மலபாருக்கு வந்தபோது தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணனின் தொடர்பு ஏற்பட்டது. களரிப் பயிற்சியையும் ஐரோப்பிய உடற்பயிற்சி முறையையும் ஒருங்கே அறிந்திருந்த அவர், 1901இல் தலச்சேரியை அடுத்த சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிக் களமொன்றை நிறுவினார். அவருடைய மாணவரான பரியாளி கண்ணன் 1904இல் மலபார் கிராண்ட் சர்க்கஸைத் தொடக்கினார். நிலவுடைமைச் சமூகத்தின் போர்க்கலையும் குடியேற்ற ஆட்சிக்கால உடற்கல்வியும் இணைந்து புதியதொரு தொழிற்கலை உருவாகியதை இங்கு காண்கின்றோம். பிறப்பினால் மதிப்பிடப்பட்ட மனிதர் உடற்றிறனால் மதிக்கப்படும் வாய்ப்பையும் இக்கலை அளித்தது. அதன் முற்போக்கான கூறு இதுவேயாகும்.

ஆயினும் சிறு கம்பனியொன்றின் பொருளியலை நோக்குதல் அவசியமாகும். எம். வி. சங்கரனும் அவர்தம் கூட்டாளியும் 1951இல் விஜயா சர்க்கஸ் என்னும் சிறு குழுவை 6,000 ரூபாவிற்கு வாங்கி, குஜராத்தின் பிலிமோராவில் ஜெமினி சர்க்கஸாக அரங்கேற்றினர். இத்தகைய கம்பனிக்குக் கூடாரம், கயிறு, வலை, ஊஞ்சற் கம்பம், போக்குவரத்து யாவும் தவிர்க்கவியலாச் செலவுகள். மழையும் வெறுமையான ஆசனங்களும் அச்செலவைக் குறைப்பதில்லை. குறைக்கக்கூடியது மனித உழைப்பின் விலை மட்டுமே. என்பு முதிராப் பருவத்திலேயே உடலை வளைத்துப் பழக்குதல் வேண்டும் என்னும் கலைநியதி, வறிய பெற்றோரின் பிள்ளைகளைக் குறைந்த செலவில் நெடுங்காலம் பிணைத்துவைக்கும் தொழில்நியதிக்கு நியாயமாயிற்று. கலையின் தேவையும் முதலின் தேவையும் சிறுவனின் உடலில் ஒன்றையொன்று சந்தித்தன.

காட்சியின் அமைப்பும் இதனை மறைத்தது. அபாயமான சாகசம், அதனையடுத்துக் கோமாளி, பின்னர் மிருகங்கள் என நிகழ்ச்சிகள் மாறிமாறி வருவது சிறுவரின் அச்சத்தையும் சிரிப்பையும் சமன்செய்யும் உத்தியாகும். ஊஞ்சலாடுபவர் புன்னகையோடு தோன்றித் தமது உழைப்பை மறைக்கின்றார். கோமாளியோ அதே ஊஞ்சலில் ஏற முயன்று, தவறி, வீழ்ந்து, உழைப்பின் கடினத்தை வெளிப்படுத்துகின்றான். நடக்கப் பழகி வீழ்ந்தெழுந்த அனுபவம் மாறாத சிறுவர்க்கு அவன் மிக நெருக்கமானவனாவது இதனாலேயே. சர்க்கஸின் உண்மையைக் கோமாளியே உரைக்கின்றான் எனில் மிகையாகாது.

புலி, சிங்கம், கரடி, குரங்கு முதலியவற்றைக் காட்சிக்குப் பழக்குவதை இந்திய அரசு 1998இல் தடைசெய்தது. நேபாளம் முதலான இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட பிள்ளைகளின் அவலம் வெளிப்பட்டதைத் தொடர்ந்து, சர்க்கஸில் சிறுவரை வேலைக்கமர்த்துவதைத் தடைசெய்யுமாறு உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரலில் பணித்தது. இத்தடைகளே கலையை அழித்தன எனச் சொல்வோர் உளர். மலிந்த உழைப்பின்றி நிலைக்கவியலாத அமைப்பை அவை வெளிப்படுத்தின என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

அவ்வாறாயின் சிறுவர் வளையத்தினுள் நிற்றலே தவறாகுமோ? இவ்வினாவிற்கு அவுஸ்திரேலிய உதாரணமொன்று விடைதர உதவும். சர்வதேசச் சிறுவர் ஆண்டான 1979இல், ஆல்பரி, வொடொங்கா என்னும் எல்லை நகர்களில் சிறியதொரு நாடகக் குழு உள்ளூர்ப் பிள்ளைகளைத் திரட்டி ஃபிளையிங் ஃபுரூட் ஃபிளை சர்க்கஸைத் தொடக்கியது. மிருகங்கள் இல்லாத அக்காட்சியில் பிள்ளைகளே கலைஞர். 1983இல் சீனத்தின் நான்ஜிங் நகர்ச் சாகசக் கலைஞர் அங்கு வந்து பயிற்சியளித்தனர். பின்னர் பொதுக்கல்வியோடு இணைந்த பாடசாலையாகவும் அது வளர்ந்தது. தலச்சேரியிற் போன்றே அங்கும் கடும் பயிற்சி உண்டு. வீழ்ச்சியும் வலியும் உண்டு. ஆயின் அங்குள்ள பிள்ளை தன் குடும்பத்தின் உணவுக்காக ஊஞ்சலேறவில்லை. பயிற்சி முடிந்ததும் வீடு திரும்புகின்றது.

நிறுவியோரின் நல்லெண்ணத்தையோ கல்நெஞ்சையோ கொண்டு இவ்வேறுபாட்டை விளக்குதல் போதாது. குஞ்ஞிக்கண்ணன் பெரும் ஆசான் என்பதில் ஐயமில்லை. பிள்ளையின் வாழ்வுச் செலவைச் சமூகம் ஏற்கின்றதா, அன்றிக் கூடார வாசலின் அன்றாட வசூல் ஏற்கின்றதா என்பதே அடிப்படை. வசூலே ஏற்கும்வரை, சிறுவர்க்கெனச் சர்க்கஸ் அமைப்போர் ஒரு பிள்ளையின் சிரிப்புக்கு மற்றொரு பிள்ளையின் பால்யத்தை விலையாகக் கொடுத்துக்கொண்டேயிருப்பர்.