ஆன்ம விசாரம்: அச்சமும் ஆசையும்

ஆன்ம விசாரம் என்பது திருவண்ணாமலை ரமண மகரிஷி (1879–1950) கற்பித்த அகநோக்கு முறை. ஆசை, அச்சம், கோபம் எது எழுந்தாலும் அதை அடக்கப் போராடாமல், அது யாருக்கு எழுந்தது என்று உள்ளே திரும்பிக் கேட்பதே இதன் வழி. சமயத் துறையில் பிறந்த இம்முறையை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து உளவியலாரும் கவனித்து வருகின்றனர்.

தமிழில் உணர்ச்சிகளை முறையாக ஆராய்ந்த பழைய பகுதி தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் களங்கள் நான்கு என அது கூறுகிறது. அச்சத்தின் களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறைவனாகிய அரசன். நான்குமே வெளியிலிருந்து வருபவை.

1896 ஜூலையில் மதுரையில், சிற்றப்பா வீட்டு மாடியில் தனியே இருந்த 16 வயது வேங்கடராமனை (பின்னாளில் ரமணர்) பிடித்த அச்சம் இந்நான்கிலும் சேராது. உடம்பில் நோயில்லை, எதிரே ஆபத்தில்லை. சாகப்போகிறோம் என்ற பயம் மட்டும் வந்தது. வைத்தியரையோ வீட்டாரையோ கூப்பிடாமல் அவர் பிணம்போலப் படுத்தார். கைகால்களை விறைக்கவிட்டு, மூச்சடக்கி, உதடுகளை இறுக மூடிக்கொண்டு, இந்த உடல் செத்தால் சாவது எது என்று பார்த்தார். சாவுப்பயம் அன்றோடு போயிற்று. நரசிம்ம சுவாமி 1931இல் ஆங்கிலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாற்றால் இச்செய்தி பரவியது. அதில் ரமணரே சொல்வதுபோல் அமைந்த நடை, பல உரையாடல்களிலிருந்து நூலாசிரியர் தொகுத்தது. சொல்லுக்குச் சொல் பதிவு செய்த வாக்குமூலமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

உடலில் நிகழும் மாற்றத்தை உணர்வதே உணர்ச்சி என்று அமெரிக்க உளவியலர் வில்லியம் ஜேம்ஸ் 1884இல் எழுதியிருந்தார். மதுரைச் சிறுவன் உடலைப் பிணமாக்கிப் பார்த்ததை அதோடு ஒப்பிடலாம். ஆனால் ஜேம்ஸின் கேள்வி உணர்ச்சி எப்படி உண்டாகிறது என்பது. சிறுவனுடையது அதை உணர்பவன் எவன் என்பது.

வேங்கடராமன் 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். பின்னர் விரூபாட்ச குகையில் அவர் பேசாதிருந்த காலத்தில், தத்துவம் படித்தவரும் வருவாய்த் துறை ஊழியருமான சிவப்பிரகாசம் பிள்ளை 1902 வாக்கில் வந்து சில கேள்விகள் கேட்டார். மணலிலும் பலகையிலும் எழுதிக் காட்டிய விடைகளே 1923இல் அச்சேறிய ‘நான் யார்?’ நூலுக்கு அடிப்படை. மனித ஊக்கம் பற்றிய தெளிவான கொள்கை ஒன்று இச்சிறு நூலில் உண்டு. எல்லா உயிரும் இன்பத்தை நாடுகின்றன. விரும்பியது கிடைக்கும்போது மனம் சற்று நேரம் அலைச்சல் விட்டு உள்ளே திரும்புகிறது. அப்போது துய்க்கும் இன்பத்தைப் பொருள் தந்ததாக எண்ணி மறுபடி பொருளின் பின்னே ஓடுகிறது. மூச்சை அடக்கினால் மனமும் அடங்கும், ஆனால் மூச்சு வெளிப்பட்டதும் பழையபடி கிளம்பிவிடும் என்பதையும் நூல் மறைக்கவில்லை. தேவைகளைப் படிநிலையாக அடுக்கிய ஆபிரகாம் மாஸ்லோவின் கட்டுரை 1943இல்தான் வந்தது. மாஸ்லோ தேவைகளை வரிசைப்படுத்தினார். ரமணர் தேவை என்பதன் வேரையே தோண்டினார்.

தாய் அழகம்மாள் 1922 மே 19 அன்று மறைந்தபின், மலையின் தென்புறம் அவரது சமாதியைச் சுற்றி ரமணாசிரமம் உருவானது. ரமணரின் வழிக்கு அங்கே நேர்ந்த கடுமையான சோதனை 1924 ஜூன் 26 இரவில். தொல்காப்பியம் சொன்ன கள்வரே வந்தனர். ரமணரின் தொடையில் அடி விழுந்தது. போதாதென்றால் இன்னொரு காலிலும் அடிக்கலாம் என்றார். இரும்புக் கம்பியை எடுத்த சீடரையும் தடுத்துவிட்டார். உணர்ச்சியே அற்றவர் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. அடியார் கதைகளைப் படிக்கும்போது அவருக்குக் கண்ணீர் வந்து தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பதை உடனிருந்தோர் பலர் எழுதியிருக்கிறார்கள். உணர்ச்சி வரும், ஆனால் அவரைப் பிடித்து இழுக்காது என்று சொல்வதே பொருந்தும்.

1931இல் அங்கு வந்த ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டனின் எழுத்தால் ஆசிரமம் ஐரோப்பாவில் அறிமுகமானது. சுவிஸ் உளவியலர் கார்ல் யுங் 1937 இறுதியில் இந்தியா வந்தும் திருவண்ணாமலைக்குப் போகவில்லை. ஜெர்மன் இந்தியவியலாளர் ஹைன்ரிஷ் ஸிம்மர் ரமணரைப் பற்றி எழுதிய நூல், ஸிம்மர் இறந்தபின் 1944இல் வெளியானபோது, அதன் முன்னுரையில் யுங் காரணம் சொன்னார்: இத்தகைய ஞானி இந்தியாவில் என்றும் காணக்கூடிய வகையினர், ஆகவே தேடிப் போகத் தோன்றவில்லையாம். நோயாளிகளை ஒவ்வொருவராக ஆண்டுக்கணக்கில் கேட்ட ஒருவர் சொல்லும் காரணமா இது? கருத்தளவில் அவருக்கிருந்த தயக்கம் இதைவிட வலுவானது. தன்முனைப்பு முற்றிலும் கரைந்தால் நனவும் இராது என்பது யுங்கின் நிலைப்பாடு. தூக்கத்தில் ‘நான்’ என்ற எண்ணம் ஒடுங்கியும் நாம் இல்லாமற் போவதில்லையே என்பது ரமணர் வழக்கமாகச் சொல்லும் பதில். இருவரும் நேரில் சந்திக்காததால் இந்த வாதம் அரைகுறையாகவே நின்றது.

2002இல் புதுச்சேரியில் கூடிய உளவியலர், இந்தியச் சிந்தனை மரபிலிருந்து உளவியலை வளர்க்க வேண்டுமென ஓர் அறிக்கை வெளியிட்டனர். 2011இல் அமெரிக்க ஆய்வாளர் ஜட்சன் புரூவரின் குழு, பழகிய தியானிகளிடம் தன்னைப் பற்றிய நினைவோட்டத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளின் செயல்பாடு குறைந்திருப்பதைக் கண்டது. ரமணர் சொன்னதை அறிவியல் நிரூபித்துவிட்டது என்று சிலர் இதைக் காட்டுவதுண்டு. அந்த ஆய்வில் பங்கேற்றோர் பழகியது கவனக்குவிப்பு, அன்புணர்வு, தேர்வற்ற விழிப்பு என்ற மூன்று முறைகளை. ‘நான் யார்’ விசாரத்தை அது சோதிக்கவில்லை.