அக்குளிலிருந்து உள்ளங்கைக்கு: பெங்களூரில் ஊன்றுகோலின் வரலாறு

இந்தியாவில் உடலியக்கத் துணைக்கருவிகளின் வரலாறு என்றாலே ஜெய்ப்பூர் கால்தான் முதலில் நினைவுக்கு வரும். 1960களின் இறுதியில் மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராமசந்திர சர்மாவும் உருவாக்கிய அக்காலைப் பற்றி நூல்களும் கட்டுரைகளும் நிறைய உள்ளன. ஊன்றுகோலுக்கு அப்படியொரு வரலாறு எழுதப்படவில்லை. இரண்டு கட்டைகள், ஒரு குறுக்குப்பிடி, அடியில் ஒரு ரப்பர்த் துண்டு: இதில் எழுத என்ன இருக்கிறது என்ற எண்ணமே இதற்குக் காரணமாகலாம். ஆயினும், செயற்கைக் கால் பொருத்தப்படும்வரை ஊன்றுகோல் வேண்டும். பொருத்திய பின்னும் பலருக்கு வேண்டும். இளம்பிள்ளை வாதத்தால் கால் வலுவிழந்தவருக்கோ வாழ்நாள் முழுவதும் வேண்டும். இத்தனை பேரின் உடல் எடையைத் தாங்கிய ஒரு பொருளை யார் வடிவமைத்தார்கள், யாருடைய உடலை அளந்து வடிவமைத்தார்கள் என்பது வரலாற்றுக் கேள்வியே. அக்கேள்விக்குப் பெங்களூரு நகரம் ஒரு தனித்த விடையைத் தருகிறது.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. தமிழில் 'ஊன்றுகோல்' என்பது முதியவரின் கைத்தடியையும் குறிக்கும், அக்குளில் வைத்து நடக்கும் தாங்குகட்டையையும் குறிக்கும். இங்கு அக்குளின் கீழ் நிற்பது 'தாங்குகட்டை' என்றும், முன்கையை வளையத்தால் பற்றிக்கொண்டு உள்ளங்கையில் எடையைத் தாங்குவது 'முழங்கை ஊன்றுகோல்' என்றும் வழங்கப்படும். இவ்விரண்டிற்கும் இடையிலான தூரம் உடலளவில் ஒரு முழத்திற்கும் குறைவு. வரலாற்றில் அத்தூரத்தைக் கடக்க நெடுங்காலம் ஆயிற்று.

கோலூன்றி நடத்தல் மிகப் பழமையானது. கோபன்ஹேகன் நகரின் நீ கார்ல்ஸ்பெர்க் அருங்காட்சியகத்தில் உள்ள எகிப்தியக் கல்வெட்டுப் பலகையொன்றில், 18ஆம் அரசமரபுக் காலத்தைச் சேர்ந்த ரோமா என்பவர் மெலிந்து சிறுத்த ஒரு காலுடனும் நீண்ட கோலுடனும் நிற்கிறார். அது இளம்பிள்ளை வாதத்தின் மிகப் பழைய சித்திரிப்பாக இருக்கலாம் என மருத்துவ வரலாற்றாளர் பலர் கருதுகின்றனர். தமிழில் திருக்குறளின் கேள்வி அதிகாரம், வழுக்கும் நிலத்தில் நடப்பவருக்கு உதவும் கோலை உவமையாக்குகிறது. கோலின் பயனை அவ்வுவமை அது ஊன்றும் நிலத்தோடு சேர்த்தே எண்ணுகிறது. பிற்காலத் தொழில்நுட்பம் பலமுறை மறந்துவிட்ட செய்தி அது.

தொழில்முறை வடிவமைப்பு இருபதாம் நூற்றாண்டுக்குரியது. 1917இல் எமில் ஷ்லிக் என்பவர் கைத்தடியின் மேற்பகுதியில் கைத்தாங்கியைச் சேர்த்த ஒரு கருவிக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். பின்னர் ஏ.ஆர். லாஃப்ஸ்ட்ராண்ட் உயரத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க ஊன்றுகோலை உருவாக்கினார். முழங்கை ஊன்றுகோல் இன்றும் அவர் பெயராலேயே பல நாடுகளில் அறியப்படுகிறது. இரு உலகப் போர்களும், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவிய இளம்பிள்ளை வாதமும் அத்தேவையைப் பெருக்கின.

அக்குளை விட்டுக் கைக்கு எடையை மாற்ற வேண்டியதன் காரணம் உடற்கூற்றில் இருக்கிறது. அக்குளின் வழியாகவே கைக்குச் செல்லும் பெரிய இரத்தக்குழாயும் நரம்புகளும் செல்கின்றன. தாங்குகட்டையின் மேற்பட்டை அங்கு நாள்தோறும் அழுந்தினால் ஆரை நரம்பு பாதிக்கப்பட்டு மணிக்கட்டு தொங்கிப்போகும். மருத்துவ நூல்கள் இதைத் 'தாங்குகட்டை வாதம்' எனும் பொருள்பட ஒரு தனி நோயாகவே பெயரிட்டுள்ளன. காலின் குறையை ஈடுசெய்ய வந்த கருவி கையையும் பறித்துக்கொள்ளும் நிலை இது. ஆகவே, மேற்பட்டைக்கும் அக்குளுக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும்; கைப்பிடியைப் பற்றும்போது முழங்கை சுமார் 20 முதல் 30 பாகை வரை மடங்கியிருக்க வேண்டும்; எடை உள்ளங்கையில் இறங்க வேண்டும்; மேற்பட்டையை விலாவோடு அணைத்துப் பிடித்தால் போதும். தாங்குகட்டை என்ற பெயரே ஒருவகையில் தவறான பாடத்தைக் கற்பிக்கிறது, அக்குள் தாங்கக் கூடாது என்பதே அதன் முதல் விதி என்பதால்.

இவ்விதியை நிறைவேற்ற ஒவ்வொருவரையும் நிற்கவைத்து அளக்க வேண்டும். குழந்தையாயின் வளரவளர மீண்டும் அளக்க வேண்டும். நடக்கக் கற்பிக்க வேண்டும். ஊன்றுகோல் மலிவான பொருளாயினும் அதனைச் சூழ்ந்த பணி மலிவானதன்று.

இந்தியாவில் அப்பணிக்கான நிறுவனங்கள் மெல்லவே எழுந்தன. இரண்டாம் உலகப் போரில் உறுப்பிழந்த படைவீரர்களுக்காக 1944இல் புனேயில் செயற்கை உறுப்பு மையம் தொடங்கப்பட்டது. மும்பையில் உடலியக்க மருத்துவத்திற்கான அகில இந்திய நிறுவனம் 1955இல் உருவாயிற்று. விபத்தில் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்து, சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை மருத்துவம் செய்த மேரி வர்கீஸ் வழிநடத்திய மறுவாழ்வு நிறுவனம் 1966இல் வேலூரில் திறக்கப்பட்டது. 1972இல் கான்பூரில் நடுவண் அரசின் அலிம்கோ நிறுவனம் அமைந்தது. அலுமினியக் குழாயாலான ஊன்றுகோல்கள் நாடெங்கும் பரவ அதுவே பெரிதும் வழிவகுத்தது. அதன் துணை உற்பத்தி மையங்களுள் ஒன்று பெங்களூரில் உள்ளது. 1981இல் தொடங்கிய ஏடிப் திட்டம் துணைக்கருவிகளை வாங்கவும் பொருத்திக்கொள்ளவும் அரசு உதவி வழங்கியது.

இத்திட்டங்களால் பயன் விளைந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றின் இயல்பு ஒரு வடிவத்தை நிலைநிறுத்தியது. முகாம் ஒருநாள் நடக்கும், கருவி வழங்கப்படும், முகாம் கலையும். அத்தகைய ஏற்பாட்டிற்குச் சில அளவுகளில் மொத்தமாகச் செய்யத்தக்க தாங்குகட்டை எளிதாகப் பொருந்தியது. முழங்கை ஊன்றுகோலோ பயிற்சியும் தொடர்கவனிப்பும் கோருவது. உடல் அறிவியல் கையை நோக்கி நகர்ந்த பின்னும் தாங்குகட்டை அக்குளிலேயே தங்கியதற்கு வழங்கும் முறையும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. வழங்கப்பட்டவற்றின் எண்ணிக்கை ஆண்டறிக்கையில் ஏறும். பயன்படுத்தியவரின் தோள்வலி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

பெங்களூரின் பங்களிப்பு இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. தாமே உடற்குறையுடன் வாழ்ந்த என்.எஸ். ஹேமா, நண்பர்களுடன் சேர்ந்து 1959இல் இந்நகரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். இன்று ஏ.பி.டி. என்று அறியப்படும் அது, சிறப்புக் கல்வி, தொழிற்பயிற்சி, தோட்டக்கலைப் பயிற்சி எனப் பல துறைகளில் வளர்ந்தது. பெறுநராக மட்டுமே எண்ணப்பட்டவர் அமைப்பை நடத்துபவராக மாறியது இதன் முதன்மையான வரலாற்றுச் செய்தி. ஊன்றுகோலுடன் பள்ளிக்கும் பணிக்கும் செல்பவர் நகரில் பெருகும்போது, ஊன்றுகோல் மருத்துவமனைப் பொருள் என்ற நிலையிலிருந்து அன்றாடப் பொருளாகிறது. நாளொன்றுக்குப் பத்தடி நடப்பவருக்குப் போதுமான கைப்பிடி, பேருந்து நிறுத்தம்வரை நடப்பவருக்குப் போதாது.

அடுத்த திருப்பம் 1994இல் நேர்ந்தது. அவ்வாண்டு பெங்களூரில் தொடங்கப்பட்ட மொபிலிட்டி இந்தியா, ஜே.பி. நகரில் தன் மையத்தை அமைத்து, செயற்கை உறுப்பும் தாங்குபட்டையும் செய்யும் தொழில்நுட்பர்களைப் பயிற்றுவித்தது. அதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான சபல் காஸ்நபிஸ் பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தில் துணைக்கருவித் துறைக்குப் பொறுப்பேற்றார். உடற்குறையுள்ளோரை, குறிப்பாகப் பெண்களை, தொழில்நுட்பராக்கியது அந்நிறுவனத்தின் சிறப்பு. அதன் பயன் எளிதில் விளங்கும். ஊன்றுகோலுக்கும் தாங்குபட்டைக்கும் அளவெடுக்க உடலைத் தொட வேண்டும். அளவெடுப்பவர் அனைவரும் ஆண்களாயின் எத்தனையோ பெண்கள் அளவு கொடுக்கவே வரமாட்டார்கள். வந்தாலும் வலிக்குமிடத்தைச் சொல்லமாட்டார்கள். 1990களின் பிற்பகுதியில் இப்பயிற்சியிலிருந்து வெளிவந்த உடற்குறையுள்ள பெண்கள் சிலர் துணைக்கருவிகள் செய்யும் பணிமனையொன்றைப் பெங்களூரில் தாமே நடத்தத் தொடங்கினர். கருவியை அணிந்திருப்பவரே அதனைச் செய்பவராகவும் இருக்கும் பணிமனை அது. எந்த விளிம்பு உரசும், எந்தத் திருகு ஆடையைக் கிழிக்கும், மழைநாளில் எது வழுக்கும் என்பதை அவர்கள் வேறெவரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை.

வழுக்குதல் என்பது இயற்பியல் கணக்கு. ஊன்றுகோலின் வழியே இறங்கும் விசை நிலைக்குத்திலிருந்து சாயச்சாய, அதன் கிடைக்கூறு வளர்கிறது. கோல் 20 பாகை சாய்ந்தால் நழுவாதிருக்க அடிமுனைக்கும் தரைக்கும் இடையில் ஏறத்தாழ 0.36 அளவு உராய்வுக் கெழு வேண்டும். 30 பாகையாயின் 0.58 வேண்டும். உலர்ந்த சிமெண்டுத் தரையில் நல்ல ரப்பர் இதனை எளிதில் தரும். நனைந்த வழவழப்பான கல்லில், தேய்ந்து இறுகிப்போன ரப்பர் தராது. பெங்களூரின் நடைபாதைகள் பலவும் மழைநீர் வடிகாலின்மேல் கற்பலகைகளைப் பரப்பி அமைந்தவை. பலகைகளுக்கிடையே பிளவுகள் உண்டு. சில பலகைகள் ஆடும். சில இடங்களில் பலகையே இராது. பருவமழையில் இவை யாவும் நீருக்கடியில் மறையும். நலமான காலுடையவர் ஒரு காலை எட்டிவைத்துக் கடக்கும் பிளவு, ஊன்றுகோலின் முனை சிக்கிக்கொள்ளும் பொறி. இரு கோல்களையும் முன்வைத்து உடலை வீசி நடக்கும் நடைக்குச் சாதாரண நடையைவிட ஏறத்தாழ இரு மடங்குவரை ஆற்றல் செலவாகும் என்று ஆய்வுகள் கூறுகின்றன. பிளவைச் சுற்றிச் செல்லும் ஒவ்வோர் அடியும் அக்கணக்கில் சேரும்.

எனவே, பாதுகாப்பான ஊன்றுகோல் என்பதன் முக்கியமான உறுப்பு அதன் மிக மலிவான உறுப்பான ரப்பர் அடிமுனையே. உலகெங்கும் அண்மைய வடிவமைப்பாளர்கள் அதன்மீதே கருத்தைச் செலுத்தியுள்ளனர். அமெரிக்காவில் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட தாமஸ் ஃபெட்டர்மன் சாய்ந்த நிலையிலும் தரையைப் பற்றும் அடிமுனைகளை உருவாக்கினார். தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து கிளைத்த ஒரு குழு, அகன்று வளைந்த அடிப்பகுதியுடைய ஃப்ளெக்ஸ்மோ ஊன்றுகோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கரடுமுரடான நிலமும் ஈரமும் அவ்வடிவமைப்பின் தொடக்கப் புள்ளிகள். அவ்வாறாயினும், அடிமுனை தேயும்போது மாற்றுமுனை அருகிலுள்ள கடையில் கிடைக்காவிட்டால் புதிய வடிவம் சில மாதங்களில் பழைய ஆபத்தாகிவிடும்.

சட்டமும் கொள்கையும் இத்துறையில் நெடுந்தூரம் வந்துள்ளன. 1995இன் சட்டத்திற்குப் பதிலாக 2016இல் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 50 முன்னுரிமைத் துணைக்கருவிகளின் பட்டியலில் ஊன்றுகோல் இடம்பெற்றது. 2017இல் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது ஊன்றுகோலுக்கும் 5 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. உடலின் உறுப்புப்போல் பயன்படும் பொருளுக்கு வரி கூடாது என மாற்றுத்திறனாளர் அமைப்புகள் எதிர்த்தன. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கோலுக்கும் தரைக்கும் இடையிலான உறவைச் சட்டம் ஏற்றுக்கொண்ட தருணமாக அத்தீர்ப்பை வாசிக்கலாம்.

இவ்வரலாற்றை இப்போது எழுத வேண்டியதற்கு ஓர் அவசரக் காரணமும் உண்டு. இந்தியாவின் கடைசி இயல்வகை இளம்பிள்ளை வாத நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார்; 2014 மார்ச்சில் தென்கிழக்காசிய வட்டாரம் அந்நோயற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. நோய் முடிந்தது, நோயால் ஊன்றுகோல் ஏந்தியவரின் வாழ்வு முடியவில்லை. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் குழந்தைகளாக இருந்தோர் இன்று நடுவயதினர். பல பத்தாண்டுகளாகக் காலின் வேலையைச் செய்துவந்த அவர்களின் தோள்களும் மணிக்கட்டுகளும் இப்போது தேய்கின்றன. இனிப் புதிய நோயாளி இல்லை என்பதால் ஆய்வுக்கும் நிதிக்கும் அவர்கள் கண்ணில் படாமல் போகும் ஆபத்து உள்ளது. சாலை விபத்திலும் நீரிழிவிலும் காலிழப்போர் அவர்களோடு சேர்ந்துகொண்டே இருக்கின்றனர்.

ஆய்வு மாணவர்களுக்கு இத்துறையில் திறந்திருக்கும் சான்றுகள் காப்புரிமை ஆவணங்கள் மட்டுமல்ல. பணிமனைகளின் அளவுப் பதிவேடுகள், பழுதுபார்ப்புக் குறிப்புகள், மாற்று அடிமுனைகளின் விற்பனைக் கணக்குகள், தம் கோலில் துணியைச் சுற்றியும் பழைய மிதிவண்டி டியூபை வெட்டிப் பொருத்தியும் தாமே திருத்திக்கொண்டவர்களின் வாய்மொழி வரலாறு ஆகியவையும் சான்றுகளே. அவற்றைத் தொகுக்கப் பெங்களூரைவிடப் பொருத்தமான நகரம் அரிது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அங்குப் பயன்படுத்துவோர் அமைப்பாளராகவும், அளவெடுப்பவராகவும், செய்பவராகவும் மாறியுள்ளனர். அவர்கள் கைகளில் இருக்கும் அறிவு ஏட்டில் ஏறுவதற்குள் அக்கைகள் ஓய்ந்துவிடக் கூடாது.