காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டமும் பெயரில்லாத தொழிலாளர்களும்

தாய்லாந்தின் மேற்கே உள்ள காஞ்சனபுரி நகரில், முதன்மைச் சாலையை ஒட்டி ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் உள்ளது. இரண்டாம் உலகப் போரின்போது சயாம்–பர்மா ரயில் பாதையை அமைக்கும் பணியில் இறந்த போர்க் கைதிகள் இங்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற பல்லாயிரம் தமிழர்களும் இறந்தனர். அவர்களுக்கு இத்தோட்டத்தில் கல்லறைகள் இல்லை. ஒரே பணியில் இறந்தவர்களில் சிலரின் பெயர்கள் மட்டும் எஞ்சியதற்குப் போர்க்கால முகாம்களின் அமைப்பே முக்கியக் காரணம்.

தோட்டத்தின் அமைப்பு

தோட்டத்தின் நுழைவாயில் ஒரு சிறு கட்டடம். அதைக் கடந்தால் சீராக வெட்டப்பட்ட புல்வெளியில் தாழ்வான கற்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு கல்லிலும் பதித்த உலோகத் தகட்டில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவை உள்ளன. பல தகடுகளில் வயதும் குடும்பத்தார் எழுதித் தந்த ஓரிரு வரிகளும் காணப்படுகின்றன. இருபதுகளில் இறந்தவர்களே மிகுதி. பிரிட்டன், ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளைச் சேர்ந்த 5,000க்கும் மேற்பட்டோரும், சுமார் 1,900 டச்சு வீரர்களும் இங்கு நினைவுகூரப்படுகின்றனர். எரியூட்டப்பட்ட 300 பேரின் சாம்பல் இரண்டு கல்லறைகளில் உள்ளது. அவர்களின் பெயர்களும் தனியே பொறிக்கப்பட்டுள்ளன.

நுழைவாயில் கட்டடத்தில் பிரிக்கப்படாத இந்தியாவின் ராணுவத்தைச் சேர்ந்த 11 பேரின் பெயர்கள் உள்ளன. இவர்கள் தாய்லாந்தில் உள்ள முஸ்லிம் அடக்கத் தலங்களில் புதைக்கப்பட்டவர்கள். அக்கல்லறைகளைத் தொடர்ந்து பராமரிக்க இயலாததால் பெயர்கள் இங்கே பதிக்கப்பட்டன. ராணுவப் பதிவேட்டில் இடம்பெற்றிருந்ததால் கல்லறை வேறிடத்தில் இருந்தும் இவர்களின் பெயர் மறையவில்லை.

ரயில் பாதையும் தொழிலாளர்களும்

1942இல் பர்மாவைக் கைப்பற்றிய ஜப்பானிய ராணுவத்துக்குக் கடல் வழியாகத் தளவாடங்களை அனுப்புவது ஆபத்தாக இருந்தது. எனவே தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கி.மீ. நீளத்துக்கு ரயில் பாதை அமைக்க முடிவு செய்யப்பட்டது. காடும் மலையும் நிறைந்த அவ்வழியில் பணி ஏறத்தாழ ஓராண்டில் முடிக்கப்பட்டது. இரு முனைகளிலிருந்தும் வந்த பாதைகள் 1943 அக்டோபரில் இணைந்தன.

60,000க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் இப்பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு. பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் ஆகியோருடன் மலாயாத் தமிழர்களும் இதில் இருந்தனர். ஜப்பானிய ஆட்சியில் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோனதால் தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாத நிலை ஏற்பட்டது. நல்ல கூலி, குறுகிய கால வேலை என்ற வாக்குறுதியை நம்பிச் சிலர் சென்றனர். பலர் கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்டனர். சிலர் மனைவி மக்களோடும் சென்றனர்.

1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவியது. மலேரியா, வயிற்றுக்கடுப்பு, ஆறாத புண்கள், பட்டினி ஆகியவையும் சேர்ந்துகொண்டன. கைதிகளிடையே ராணுவ மருத்துவர்கள் இருந்தனர். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது, நோயாளிகளைத் தனிமைப்படுத்துவது போன்ற கட்டுப்பாடுகளை அதிகாரிகள் வலியுறுத்தினர். அப்படியிருந்தும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தார். தொழிலாளர் முகாம்களில் மருத்துவரும் மருந்தும் இருந்தது அரிது. இறந்தவர்கள் கூட்டமாகப் புதைக்கப்பட்டனர் அல்லது எரிக்கப்பட்டனர். 80,000 முதல் 1,00,000 வரையிலான தொழிலாளர்கள் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது.

பெயர்கள் எஞ்சிய விதம்

கைதிகள் முகாமிலும் படைப்பிரிவாகவே இருந்தனர். ஒவ்வொரு மரணத்தையும் ஓர் அதிகாரி குறித்துவைத்தார். அக்குறிப்புகள் ஜப்பானியக் காவலர் கண்ணில் படாமல் மறைக்கப்பட்டன. போர் முடிந்ததும் 1945இல் முன்னாள் கைதிகள் அடங்கிய குழு அக்குறிப்புகளுடன் பாதை நெடுகத் தேடி 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது. அந்த உடல்கள் பின்னர் காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசயாட் ஆகிய மூன்று தோட்டங்களுக்கு மாற்றப்பட்டன. அமெரிக்கர்களின் உடல்கள் மட்டும் அவர்களின் நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

தொழிலாளர்களுக்கு அத்தகைய பதிவேடு இல்லை. யார் எந்த முகாமில் இறந்தார் என்பதை உடனிருந்தவர் மட்டுமே அறிந்திருந்தார். பெரும்பாலும் அவரும் இறந்துபோனார். திரும்பி வந்தவர்கள் சொன்ன செய்தியே தோட்டங்களில் காத்திருந்த குடும்பங்களுக்குக் கிடைத்த ஒரே தகவல். அச்செய்தியும் வராத வீடுகள் பல. போர்க் கல்லறைத் தோட்டங்கள் படையினருக்காக அமைக்கப்பட்டவை. 1990இல் காஞ்சனபுரியில் ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் கிடைத்தன. அவை ஆசியத் தொழிலாளர்களுடையவை எனக் கருதப்படுகிறது.

பிற்கால நினைவுகள்

1957இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ திரைப்படம் இப்பாதையை உலகறியச் செய்தது. ஆனால் அதன் கதை பிரிட்டிஷ் கைதிகளைப் பற்றியது. தமிழர்களின் அனுபவம் மலேசியத் தமிழ் நாவல்களில் பதிவானது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

ஆற்றுப் பாலத்துக்கு அருகில் 1944இல் ஜப்பானிய ராணுவமே எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று உள்ளது. தொழிலாளர்களின் மொழிகள் பொறிக்கப்பட்ட அதன் பலகைகளில் தமிழும் இடம்பெற்றுள்ளது. வேலை வாங்கியவர்கள் எழுப்பிய அத்தூணிலும் இறந்தவர்களின் பெயர்கள் இல்லை. 2023இல் தாய்லாந்துத் தமிழர்களின் முயற்சியால் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் நிறுவப்பட்டது. தமிழ்நாடு அரசும் அதற்கு நிதி வழங்கியது. போரில் வீழ்ந்தவரின் பெயரைக் கல்லில் எழுதி நடுவது பழந்தமிழர் மரபு. இந்த நடுகல்லோ எழுதுவதற்குப் பெயர் கிடைக்காத பல்லாயிரவருக்காக நடப்பட்டது.