செல்லரிக்கும் கோப்புகள்: கட்டளைத் திரையும் தமிழும்

எங்கள் ஊர் திருவதிகை. பண்ருட்டிக்குப் பக்கத்தில், கெடில ஆற்றங்கரை ஊர். பண்ருட்டி என்றதும் எல்லோருக்கும் பலாப்பழம்தான் ஞாபகம் வரும். அதற்கு ரொம்ப நாள் முன்னாடியே இந்த ஊருக்கு ஒரு பெயர் இருந்தது. அப்பர் தன் முதல் பதிகத்தைப் பாடிச் சூலை நோய் தீர்ந்த இடம் இது. பாடியது ஏழாம் நூற்றாண்டில். பாடிய பாட்டு நம் கைக்கு வந்து சேர்ந்த கதை தனி. அந்தக் கதை நடந்த இடம் தெற்கே, சிதம்பரத்தில்.

திருமுறை கண்ட புராணம் அதைச் சொல்கிறது. மூவர் பாடிய ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடக்கின்றன என்று நம்பியாண்டார் நம்பி மூலம் சோழ அரசன் அறிகிறான். அறையைத் திறக்கச் சொல்கிறான். பாடிய மூவரும் வந்தால்தான் திறக்க முடியும் என்கிறார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். மூவரும் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. அரசன் அசரவில்லை. மூவரின் திருவுருவங்களையும் அலங்கரித்து ஊர்வலமாகக் கொண்டுவந்து, 'இதோ வந்துவிட்டார்கள்' என்று நிறுத்துகிறான். கதவு திறந்தால், உள்ளே புற்று. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து ஏடுகளை எடுத்துப் பார்க்கிறார்கள். பெரும்பகுதி செல்லுக்குப் போயாச்சு. இன்று நம்மிடம் இருப்பது 800-க்குச் சற்றுக் குறைவான பதிகங்கள்.

பக்தர்கள் இந்தக் கதையை ஒரு மாதிரி கேட்பார்கள். நான் லினக்ஸ்காரன், எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. ஒரே ஒரு பிரதி. ஒரே ஒரு அறை. திறக்க மூன்று பேர் வேண்டும், அந்த மூன்று பேரும் உயிரோடு இல்லை. 1990-களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பு ஒன்றை இன்றைக்குத் திறந்து பார்க்க முயன்றவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகவே புரியும்.

அந்தக் காலத்துக் கணினிக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்கு எண்கள் இருந்தன, அவ்வளவுதான். நம் ஆட்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். எண்களை அப்படியே விட்டுவிட்டு, எழுத்துருவில் மட்டும் ஆங்கில எழுத்தின் உருவத்தை அழித்து அந்த இடத்தில் தமிழ் எழுத்தை வரைந்தார்கள். பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'அம்மா' என்று எழுத வேண்டுமென்றால் கோப்புக்குள் போவது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில் எச். எம்தான் அ. கேதான் ம. அரைப்புள்ளிதான் மெய்யின் புள்ளி. எழுத்துரு இருக்கும்வரை அம்மா. அதை எடுத்துவிட்டால் வெறும் உளறல்.

இதில் ஆளுக்கொரு அட்டவணை வேறு. ஒரு எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் வேறு பாஷை. பதிப்பகங்கள் வாங்கிய மென்பொருள்கள் சிலவற்றுக்கு கணினியின் பின்பக்கம் ஒரு பூட்டுச் சாவி செருக வேண்டும். டாங்கிள் என்பார்கள். அது தொலைந்தால் மென்பொருள் திறக்காது. தில்லை அறையின் கதவு நினைவுக்கு வருகிறதா?

இந்தக் குழப்பத்திலிருந்து வெளியே வர, உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே கூடிப் பேசி ஒரு பொது அட்டவணையை உண்டாக்கினார்கள். அதன் பெயர் டிஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து டாப், டாம் என்ற வேறு இரண்டு குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1991-ல், யூனிகோடின் முதல் பதிப்பில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனால் அது நம் வீட்டுக் கணினிகளில் ஒழுங்காக வேலை செய்ய இன்னும் பத்து வருஷம் பிடித்தது. அந்த இடைவெளியில்தான் டிஸ்கி வாழ்ந்தது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம், அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனன் ஆகியோர் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியம் முதல் பலவற்றையும் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து அந்தக் குறியீட்டில் ஏற்றியது. பிறகு யூனிகோடுக்கு மாற்றியது.

இனி என் பிரியமான கருவிகளுக்கு வருகிறேன்.

கருப்புத் திரையில் கட்டளை அடித்து வேலை செய்வதை இன்றைக்கும் பலர் பழைய காலத்துப் பழக்கம் என்று நினைக்கிறார்கள். பழையதுதான். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் 1964-லேயே ஒரு குறிப்பு எழுதினார். தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்களை ஒன்றோடொன்று முடுக்குவதுபோல நிரல்களையும் இணைக்க வழி வேண்டும் என்பது அதன் சாரம். 1973-ல் கென் தாம்சன் அதை யூனிக்ஸில் செய்து காட்டினார். பைப் என்று பெயர். ஒரு நிரலின் வாயிலிருந்து வரும் எழுத்துகள் அடுத்த நிரலின் வாய்க்குள் போகும். அதே வருஷம் கிரெப் வந்தது, கோப்பில் வேண்டிய வரியைத் தேடி எடுக்க. 1974-ல் செட் வந்தது, ஒன்றை இன்னொன்றாக மாற்ற. அதே 1974-ல் டிஃப், இரண்டு கோப்புகளை ஒப்பிட. இவை எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம் என்ற நிலை வந்தது 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்த பிறகு. 1991-ல் லினக்ஸ் வந்து சேர்ந்ததும் வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது.

இதற்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். சாதாரண லினக்ஸ் கணினிகளில் ஐகான்வ் என்று ஒரு கட்டளை இருக்கும். ஒரு குறியீட்டில் உள்ள கோப்பை இன்னொரு குறியீட்டுக்கு மாற்றுவது அதன் வேலை. அதற்குத் தெரிந்த குறியீடுகளின் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். ஐபிஎம் பெருங்கணினிகளின் குறியீடுகள், ஜப்பானியம், சீனம் என்று நூற்றுக்கணக்கில் ஓடும். நடுவில் எங்கோ டிஸ்கி. க்னூவின் அடிப்படை நூலகத்துக்குள் புரூனோ ஹைபிள் என்ற நிரலாளர் 2002-ல் அதை எழுதிச் சேர்த்தார். அவரால் அது ஏன் முடிந்தது? டிஸ்கியின் அட்டவணை எல்லோர் கண்ணிலும் படும்படி வெளியிடப்பட்டிருந்தது. பூட்டு இல்லை, டாங்கிள் இல்லை. மின்னஞ்சலில் சண்டை போட்டுச் சண்டை போட்டு உருவாக்கிய ஓர் அட்டவணை, இன்று உலகமெங்கும் சர்வர்களுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒரே வரிக் கட்டளையில் பழைய கோப்பு யூனிகோடாகிவிடும்.

எல்லாக் கோப்புக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

கடலூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். நடுநாட்டுத் தேவாரத் தலங்கள் 22-ஐயும் நடந்தும் பஸ்ஸிலும் சுற்றி, ஊர் ஊராகக் கேட்டு எழுதிய புத்தகம் ஒன்று வைத்திருந்தார். 2002-ல் ஒரு டிடிபி கடையில் தட்டச்சு செய்தது. அச்சாகவே இல்லை. கையெழுத்துப் படி ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. கடையையும் மூடிவிட்டார்கள். மிச்சம் ஒரே ஒரு குறுந்தகடு. "தம்பி, இத எப்படியாச்சும் தொறந்து குடுப்பா. நாலு பேருகிட்ட காட்டிட்டேன், பூச்சி பூச்சியா வருதுங்கறாங்க" என்றார். "பாக்கறேன்யா" என்று வாங்கி வந்தேன்.

கோப்பு ஒரு பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளுடையது. அந்த மென்பொருள் என்னிடம் இல்லை. தேவையும் படவில்லை. ஸ்ட்ரிங்ஸ் என்று ஒரு கட்டளை உண்டு. எந்தக் கோப்பாக இருந்தாலும் அதற்குள் படிக்கத்தக்க எழுத்துகள் தொடர்ச்சியாக எங்கே இருக்கின்றன என்று துழாவி எடுத்துத் தரும். பாமினியில் அடித்த தமிழ், கோப்புக்குள் ஆங்கில வேஷத்தில்தான் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டளைக்கு அது அகப்படும். சில எழுத்துகள் மட்டும் ஆங்கில எல்லைக்கு அப்பால் உள்ள எண்களில் இருக்கும். எட்டு பிட்டையும் பார் என்று ஒரு விருப்பம் கொடுத்தால் அவையும் வரும். வந்தது துண்டு துண்டாக, ஆனால் வந்தது.

அடுத்து செட். பாமினியின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு விதி எழுத வேண்டும். இதில் வரிசை முக்கியம். பாமினியில் கொம்பு முதலில் வரும், தட்டச்சுப் பொறி மாதிரி. யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு. 'கொ' என்பது பாமினியில் கொம்பு, க, கால் என மூன்று துண்டு. இந்த மூன்று துண்டு விதியை முதலில் ஓட்டாமல், 'கெ' என்ற இரண்டு துண்டு விதியை முதலில் ஓட்டினால், கால் தனியே தொங்கும். நீளமானது முதலில், குட்டையானது பிறகு என்று இருநூற்றுச் சொச்சம் விதிகள். ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் இப்படிப்பட்ட மாற்றிகள் தயாராகவே உள்ளன. எனக்குக் கையால் எழுதிப் பார்ப்பதில் ஒரு ருசி.

மாற்றி முடித்ததும் பிழை பார்க்க வேண்டும். இங்கே ஒரு பழைய கதை கைகொடுத்தது. 1986-ல், ஒரு நூலில் அதிகம் வரும் சொற்களைக் கணக்கிடும் நிரல் ஒன்றை டொனால்ட் கனூத் எழுதினார். அழகான நிரல், பக்கம் பக்கமாக. அதற்கு மதிப்புரை எழுத வந்த மெக்கில்ராய், அதே வேலையை ஆறே கட்டளைகளைக் குழாய் மாட்டிச் செய்து காட்டினார். சொல்லுக்கு ஒரு வரியாகப் பிரி, சிறிய எழுத்தாக்கு, அடுக்கு, எண்ணு, எண்ணிக்கைப்படி அடுக்கு, மேலே உள்ளதை எடு. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. ஒரு கட்டளை மிச்சம். நான் மேலே உள்ளதை விட்டுவிட்டுக் கீழே உள்ளதைப் பார்த்தேன். புத்தகம் முழுவதும் ஒரே ஒரு முறை வரும் சொற்களில்தான் பிழைகள் ஒளிந்திருக்கும். தட்டச்சுப் பிழைகள் பல அங்கேயே அகப்பட்டன.

ஆனால் இந்தக் கருவிகளை உண்டாக்கியவர்கள் தமிழை நினைத்து உண்டாக்கவில்லை. அதை மறைத்துப் புண்ணியமில்லை. மெக்கில்ராயின் முதல் கட்டளையான டிஆர், க்னூ வடிவத்தில் பைட் பைட்டாகத்தான் பார்க்கும். ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். அதனால் அந்த இடத்தில் கிரெப்பை வைக்க வேண்டியிருந்தது. 'தமிழ்' என்ற சொல்லை எண்ணச் சொல்லுங்கள். பைட் கணக்கில் 15, யூனிகோடுக் குறிக் கணக்கில் 5. மூன்று என்று சொல்ல ஒன்றாம் வகுப்புப் பிள்ளையால்தான் முடியும். 'விகடகவி'யைத் திருப்பச் சொல்லி ரெவ் கட்டளையிடம் கொடுத்தால் விகடகவி வராது. வி என்பதை வ, விசிறி எனப் பிரித்துத் திருப்பிப் போட்டுவிடும். குறி எண் வரிசையில் அடுக்கச் சொன்னால் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற என்று வந்து நிற்கும். 'ய ர ல வ ழ ள ற ன' என்று நாம் பாடமாகச் சொன்ன ஒழுங்கை மென்பொருளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இன்னும் மோசம், 'கௌரவம்'. இதைக் கொம்பும் ளகரமும் போட்டு 'கெளரவம்' என்று அடிப்பவர்கள் ஏராளம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கிரெப்புக்கு இரண்டும் வேறு.

இந்தக் குறைகள் நமக்குத் தெரிவதும், அதைச் சரிசெய்ய வழி இருப்பதும் எதனால்? நிரல் திறந்து கிடப்பதால். ஓப்பன் தமிழ் போன்றவை எழுத்தை எழுத்தாகவே எண்ணுகின்றன. எந்தக் கதவுக்கு முன்னாலும் சிலையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போக வேண்டியதில்லை.

டிஃப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தமிழ் படித்தவர்கள் கோபிப்பார்கள். சீவக சிந்தாமணியை 1887-ல் பதிப்பித்த உ.வே.சா. ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்த மனிதர். 1924 முதல் 1927 வரை இதே சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்குத் தலைமை தாங்கியவர். அவர் கண்ணும் விரலும் செய்த வேலையில் ஒரு சிறு பங்கை டிஃப் செய்கிறது: இந்தப் படியில் இப்படி, அந்தப் படியில் அப்படி. எது சரி என்று அது சொல்லாது, சொல்லவும் கூடாது. 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட், அந்த வேறுபாடுகளை யார், எப்போது, ஏன் செய்தார்கள் என்று சேர்த்து வைக்கிறது. ஆசிரியரின் புத்தகத்தில் நான் தொட்ட ஒவ்வொரு எழுத்தும் அதில் பதிவாகியிருக்கிறது. "நீ என்னென்ன மாத்துன?" என்று அவர் கேட்டபோது பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தேன். பேனாவோடு உட்கார்ந்தார். ஏழெட்டு இடத்தில் "இது தப்பில்ல தம்பி, எங்க பக்கத்து வழக்கு" என்று அடித்துத் திருத்தினார். அவர் சொன்னதையே திரும்பப் போட்டேன்.

நான் தனி ஆளாக இதைக் கற்கவில்லை. விழுப்புரத்தில் க்னூ லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே சொல்லித்தருகிறார்கள். 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதியது. எனக்கு ஷெல் பழகியதே அதில்தான். பக்கத்திலேயே புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் டி.வி. கோபாலய்யர் பதிப்பை அடியொற்றி 2007-ல் மின் தேவாரம் வந்தது. ஏடு போய், காகிதம் வந்து, குறுந்தகடு வந்து, இன்று இணையத்தில் யாரும் தேடலாம்.

அந்த ஆசிரியரின் புத்தகம் இப்போது வெறும் உரைக் கோப்பாக, யூனிகோடில், மூன்று இடங்களில் இருக்கிறது. பேன்டாக் என்ற கருவி அதிலிருந்தே மின்னூலும் செய்து தந்தது.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு குறுந்தகடு இருக்கும். தாத்தாவின் கவிதை, ஊர்த் திருவிழா மலர், யாரோ பாதியில் விட்ட நாவல். அதை இப்போதே எடுத்து வன்தட்டில் பிரதி எடுங்கள். கூடவே, தட்டச்சு செய்த அக்காவோ அண்ணனோ எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: அப்போது எந்த எழுத்துருவில் அடித்தீர்கள்? அந்தப் பெயரை ஒரு வெறும் உரைக் கோப்பில் எழுதிப் பக்கத்திலேயே வையுங்கள். மாற்றும் விதிகளை யார் வேண்டுமானாலும் பிறகு எழுதிக்கொள்ளலாம். அந்தப் பெயர் அவர்களுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.