பெட்ரோல் பம்பின் டிக் டிக்

போன மாதம் அக்கா மகன் புது கார் வாங்கிக்கொண்டு விருத்தாசலம் வந்திருந்தான். சாவியைத் திருப்பினதும் பின் சீட்டுக்கு அடியில் 'உய்ங்' என்று ஒரு சத்தம் கேட்டு, இரண்டு நொடியில் நின்றது. "அது பெட்ரோல் பம்பு மாமா, டேங்குக்குள்ளேயே இருக்கு" என்றான். எனக்கு 1979இல் கேட்ட வேறொரு பம்பின் சத்தம் ஞாபகம் வந்துவிட்டது. அதை எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை.

பெட்ரோலை டேங்கிலிருந்து இன்ஜினுக்குக் கொண்டுபோவது ஆரம்ப காலத்தில் பெரிய தலைவலி. ஃபோர்டு மாடல் டி காரில் டேங்க் சீட்டுக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் தானாக இறங்கி வரவேண்டும். டேங்கில் கொஞ்சமாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் பெட்ரோல் வராது. அதனால் ரிவர்ஸ் போட்டு ஏறுவார்களாம்! பிறகு இன்ஜின் உறிஞ்சும் காற்றைக் கொண்டே பெட்ரோலை இழுக்கும் ஆட்டோவேக் வந்தது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தி நீளமான மேடு ஏறினால் அதுவும் கைவிட்டுவிடும்.

1930களில் இதற்கு ஒரு வழி பரவியது. அதுதான் எஸ்.யூ. எலக்ட்ரிக் பம்பு. எஸ்.யூ. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். ஸ்கின்னர் சகோதரர்கள் 1910இல் தொடங்கிய இங்கிலாந்துக் கம்பெனி. குடும்பத் தொழில் செருப்புக் கடை. அவர்களுடைய முதல் கார்பரேட்டர்களில் தோலால் செய்த துருத்தி இருந்தது என்று படித்தபோது சிரிப்பு வந்தது. 1926இல் மோரிஸ் இந்தக் கம்பெனியை வாங்கிவிட்டார். அதனால் மோரிஸ் கார்களில் இந்தப் பம்பு சாதாரணமாக இருக்கும். 1948இல் வந்த மோரிஸ் மைனரிலும் இருந்தது. அந்த மைனரைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 'பேபி ஹிந்துஸ்தான்' என்று இங்கே விற்றது.

வேலை செய்யும் விதம் எளிமையானது. உள்ளே ஒரு காயில். கரண்ட் வந்தால் காந்தமாகி டயஃப்ரத்தை இழுக்கும், பெட்ரோல் உள்ளே வரும். இழுத்து முடிக்கும் இடத்தில் பாயிண்ட் படக்கென்று பிரிந்து கரண்ட் நின்றுவிடும். ஸ்பிரிங் டயஃப்ரத்தைத் திருப்பித் தள்ளும், பெட்ரோல் கார்பரேட்டருக்குப் போகும். தள்ளி முடித்ததும் பாயிண்ட் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு டிக். கார்பரேட்டர் நிறைந்ததும் பெட்ரோல் போக இடமில்லாமல் பம்பு தானே சும்மா இருந்துவிடும்.

நான் அப்போது இங்கே ஒரு பீங்கான் தொழிற்கூடத்தில் சூளை சூப்பர்வைசர். நெய்வேலி சுரங்கத்து மேல்மண்ணில் கிடைக்கும் களிமண் பக்கத்திலேயே இருந்ததால் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு போகும் ஃபியூஸ் கேரியரும் இன்சுலேட்டரும் செய்தோம். முதலாளியிடம் பழைய மோரிஸ் மைனர் ஒன்று இருந்தது.

அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்த ராத்திரி, கடலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். அறுபது கிலோமீட்டர் சொச்சம். முதலாளி காரையும் டிரைவரையும் அனுப்பினார். மந்தாரக்குப்பம் தாண்டியதும் கார் இரண்டு உதறு உதறி நின்றுவிட்டது. பீங்கான்காரனுக்குப் பீங்கான்மேல்தானே சந்தேகம் போகும்? ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் விரிசல் விட்டிருக்கும் என்று அடித்துச் சொல்லி நாலு பிளக்கையும் கழற்ற வைத்தேன். டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இருபது நிமிஷம் போனது. பின் சீட்டில் அக்கா முனகுகிறாள், அம்மா பழமலைநாதரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

டிரைவர் சாவியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, டிக் டிக் கேக்குதா?" கேட்கவில்லை. ஸ்பேனரை எடுத்துப் பம்பின் மேல் லேசாக ஒரு தட்டு. டிக் டிக் டிக் என்று அடித்து, வேகம் குறைந்து, நின்றது. கார் கிளம்பிவிட்டது. வடலூரில் மறுபடி நின்றது. குறிஞ்சிப்பாடிக்குள் இன்னும் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் நான் ஓடிப்போய்ப் பானெட்டைத் தூக்குவேன், அவர் தட்டுவார். நாலு மணிக்குக் கடலூர் சேர்ந்தோம். விடிவதற்குள் பையன் பிறந்துவிட்டான்.

மறுநாள் இங்கே திரும்பியதும் கார் மெக்கானிக் பாயிடம் போனது. அவர் எதையும் கழற்றுவதற்கு முன்னால் காதைக் கொடுத்துக் கேட்டார். நிற்காமல் படபடவென்று அடித்தால் டேங்க் காலி, இல்லை எங்கேயோ காற்று இழுக்கிறது. இன்ஜின் பெட்ரோல் இல்லாமல் தவிக்கும்போது மெதுவாக அடித்தால் குழாயில் அடைப்பு. அடிக்கவே இல்லையென்றால் கரண்ட், பாயிண்ட், எர்த் மூன்றில் ஒன்று. "ஆனா கார்பரேட்டர் ரொம்பியிருந்தாலும் அடிக்காது, ஏமாந்துடாதீங்க" என்று சொல்லி, பெட்ரோல் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டார். அப்போதும் விட்டு விட்டுத்தான் அடித்தது.

மூடியைத் திறந்து பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்தார். அதே நிலைமை. பிறகு ஒரு துண்டு ஒயரின் ஒரு முனையைப் பம்பு உடம்பிலும் மறு முனையை இன்ஜினிலும் வைத்தார். டிக் டிக் டிக் டிக்! எடுத்தால் தடுமாற்றம், வைத்தால் ஓட்டம். எர்த் ஒயரின் ஸ்குருவைக் கழற்றினால் அடியில் பளபளவென்று புது பெயிண்ட்.

அந்தப் பெயிண்ட் நான் அடித்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை, துரு பிடிக்கிறதே என்று முதலாளி சொன்னதால், ஸ்குருவைக்கூடக் கழற்றிவைத்து நறுவிசாக அடித்து மாட்டினேன். பகலெல்லாம் இன்சுலேட்டர் செய்கிறவன் லீவு நாளிலும் ஒன்று செய்திருக்கிறேன். ஸ்குருவின் மரை வழியாகக் கொஞ்சம் எர்த் கிடைத்ததால் ஊருக்குள் ஓடியது. நெடுந்தூரத்தில் அதிர்ந்ததும் விட்டுப்போனது. தட்டினால் மறுபடி தொட்டுக்கொண்டது. பாய் பெயிண்ட்டைச் சுரண்டி மாட்டினார். இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டார். முதலாளியிடம் "பாயிண்ட் கருத்துப்போச்சு" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் இன்ஜின் கேம் தள்ளி ஓடும் மெக்கானிக்கல் பம்பே எங்கும் வந்தது. ஃபியட், மாருதி 800 எல்லாம் அதுதான். புகைக் கட்டுப்பாட்டுக்காக 2000 வாக்கில் எம்.பி.எஃப்.ஐ. வந்தபோது எலக்ட்ரிக் பம்பு திரும்பி வந்தது, இந்தத் தடவை டேங்குக்குள். பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் சூடு தணியும், அதனால் எப்போதும் ரிசர்வில் ஓட்டாதே என்று அக்கா மகனிடம் சொன்னேன். "உங்களுக்கு எப்படி மாமா இதெல்லாம் தெரியும்?" என்றான்.

அந்த ராத்திரி பிறந்தவன் இவன்தான். பெயிண்ட் அடித்தது யாரென்று அக்காவிடம் நான் இன்றுவரை சொன்னதில்லை. இந்தப் பக்கத்தை அவன் தவறாமல் படிக்கிறான். அவனே போய் அவளுக்குப் படித்துக் காட்டட்டும்.