உப்புக்காத்தும் உப்புத்தாளும்

பழவேற்காட்டுக்குப் போறவங்க பெரும்பாலும் ரெண்டு விஷயத்துக்காகத்தான் போவாங்க. ஒண்ணு பூநாரை, இன்னொண்ணு டச்சுக்காரங்க கல்லறை. நானும் அதுக்குத்தான் போனேன். ஆனா திரும்பி வந்தப்புறம் மனசுல நின்னது என்னமோ ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸெல் வண்டிதான். :-)

காலை பதினோரு மணி இருக்கும். மீனை வித்து முடிச்சுட்டு வந்த ஒரு அண்ணன், பின்னாடி கட்டியிருந்த ஐஸ் பெட்டியை இறக்கி வெச்சார். அடுத்து ஒரு குடம் நல்ல தண்ணியைக் கொண்டு வந்து வண்டி மேல நிதானமா ஊத்த ஆரம்பிச்சார். நல்ல தண்ணிக்கே குடத்தோட காத்துக் கிடக்கிற ஊரு அது. மனசு கேக்கல.

"குடிக்கிற தண்ணியை வண்டிக்கு ஊத்துறீங்களே அண்ணே?"

"இது ஓடலைன்னா நான் இன்னாத்த குடிக்கிறது தம்பி?"

அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல. அவர் வண்டியைத் துணியால துடைச்சார். ஓலைக் கொட்டகை நிழல்ல உட்கார்ந்து ப்ளக்கைக் கழட்டினார். சட்டைப் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்துத் தேய்ச்சு, வாயால ஊதி, திரும்ப மாட்டினார். பத்து நிமிஷம்தான். மெக்கானிக் கிடையாது, பில் கிடையாது.

இந்தப் பத்து நிமிஷத்துக்குப் பின்னாடி எழுபது வருஷ வரலாறு இருக்கு. அதைத்தான் எழுத வந்தேன்.

முதல்ல உப்பு விஷயம். கடலோரத்துல வண்டி சீக்கிரம் துருப்பிடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஏன்னு யோசிச்சிருக்கோமா? இரும்பு துருப்பிடிக்கக் காத்தும் ஈரமும் வேணும். உப்பு அந்த ஈரத்தை மின்சாரம் நல்லாக் கடத்துற கரைசலா மாத்திடுது. அரிப்பு வேகமாகும். அதைவிட மோசம், காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானாவே தண்ணியை இழுத்துக் கரைய ஆரம்பிச்சிடும். கடலோர ராத்திரிகள்ல அது சர்வசாதாரணம். அதாவது மழையே இல்லைன்னாலும் வண்டி ராத்திரி முழுக்க நனைஞ்சுக்கிட்டேதான் இருக்கும். இது போதாதுன்னு மீன் பெட்டியிலிருந்து சொட்டுற ஐஸ் தண்ணி வேற. பின் சக்கரத்து ரிம், ஸ்போக், செயின், பிரேக் கேபிள் எல்லாம் அதுலதான் குளிக்குது.

அதனால அந்த அண்ணன் ஊத்தினது வீண் தண்ணி இல்லை. உப்பைக் கழுவி எடுக்க நல்ல தண்ணியை விட்டா வேற மருந்தே கிடையாது. கழுவின பிறகு பழைய எஞ்சின் ஆயில்ல கொஞ்சம் டீசல் கலந்து அடிப்பக்கம் பிரஷ்ல தடவுறதும், நட்டு முடுக்கும்போது மரையில கிரீஸ் வைக்கிறதும் கடலோரத்துப் பழக்கங்கள்தான்.

சரி, வண்டியைத் தானே கழட்டி மாட்டலாம்ங்கிற தைரியம் நம்ம ஆளுங்களுக்கு எங்கிருந்து வந்தது? இதுக்குப் பதில் ஒரு பகுதி பழவேற்காட்டுக்கு ரொம்பப் பக்கத்துலயே இருக்கு. இதே கரையில தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தள்ளித் திருவொற்றியூர்.

மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்திலிருந்து ராயல் என்ஃபீல்டு வண்டிகளை இறக்குமதி பண்ணிக்கிட்டு இருந்தது. ஐம்பதுகள்ல எல்லை ரோந்துக்காக இந்திய ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல ரெட்டிச் கம்பெனியோட கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாச்சு. திருவொற்றியூர்ல ஆலை வந்தது. ஆரம்பத்துல பாகங்கள் கப்பல்ல வரும், இங்கே சேர்த்துப் பூட்டுவாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா முழு வண்டியும் இங்கேயே செஞ்சாங்க. எழுபதுகள் ஆரம்பத்துக்குள்ள இங்கிலாந்துல தாய்க் கம்பெனியே மூடியாச்சு. வண்டி மட்டும் நம்ம ஊர்ல ஓடிக்கிட்டே இருந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. லைசென்ஸ் ராஜ் காலத்துல போட்டி இல்லை, வெளிநாட்டு வண்டி வர வழியில்லை. அதனால கம்பெனிகள் வண்டியை மாத்த வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. 346 சிசி, 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். அந்த எஞ்சினோட அடிப்படை அமைப்பு அரை நூற்றாண்டு பெருசா மாறவே இல்லை. நாட்டுப் பொருளாதாரத்துக்கு இது நல்லதா கெட்டதான்னு பொருளாதாரம் படிச்சவங்க சண்டை போட்டுக்கட்டும். ஆனா வீட்டுத் திண்ணையில ஸ்பேனர் பிடிச்சவனுக்கு இது பெரிய வரம். அப்பா கத்துக்கிட்ட வித்தை மகனுக்கு அப்படியே செல்லும். 1960 வண்டிக்குத் தேவையான சாமானை 1990 வண்டியிலிருந்து கழட்டிப் போடலாம்னு துணிஞ்சு இறங்கலாம். கழட்டின சாமானுக்கு இருக்கவே இருக்கு புதுப்பேட்டை.

பழைய புல்லட் ஓட்டினவங்களுக்குத் தெரியும், அதை ஸ்டார்ட் பண்றதே ஒரு பாடம். கிக்கரை மெதுவா அமுக்கி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வர்றதைப் பாக்கணும். டீகம்ப்ரஸரைப் பிடிச்சுப் பிஸ்டனை மேல் முனையிலிருந்து ஒரு துளி தாண்ட வெக்கணும். அப்புறம்தான் உதைக்கணும். அவசரப்பட்டா கிக்கர் திருப்பி உதைக்கும். வண்டியை எடுக்கறதுக்கே பிஸ்டன் எங்கே நிக்குதுன்னு தெரிஞ்சிருக்கணும்னா, ஓட்டுறவன் பாதி மெக்கானிக் ஆகாம என்ன செய்வான்? பாயிண்ட் இடைவெளி ஒரு அங்குலத்துல ஆயிரத்துல 15 பங்கு. ஃபீலர் கேஜ் இல்லாதவங்க கைக்குக் கிடைச்ச அட்டையைச் செருகிப் பார்த்து வெச்சுக்குவாங்க. பாயிண்ட் தேய்க்கவும் அதே உப்புத்தாள்தான்.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். மீன் விக்கிறவருக்கும் புல்லட்டுக்கும் ரொம்ப தூரம். விலையும் ஒத்து வராது, மணல்ல தள்ளுற கனமும் இல்லை. குப்பத்துக்குள்ள வண்டி நுழைஞ்ச கதை வேற.

1980-ல ஓசூர்லேருந்து டிவிஎஸ் 50 வந்தது. ரெண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட். கியர் கிடையாது. எஞ்சின் நின்னுட்டா பெடல் மிதிச்சு வீடு வந்து சேரலாம். ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்ல வால்வு இல்லை, கேம் இல்லை, தனியா எஞ்சின் ஆயில் தொட்டியும் இல்லை. பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்து ஊத்தணும், அவ்வளவுதான். பிஸ்டன் ஏறி இறங்கும்போதே வழிகளைத் திறந்து மூடிக்கும். நகர்ற பாகம் கம்மி, அதனால கெட்டுப் போற பாகமும் கம்மி. ஹெட்டைக் கழட்டிக் கரியைச் சுரண்டுறது, சைலன்ஸர்ல அடைச்ச கரியை எடுக்கிறது, கார்பரேட்டர் ஜெட்டை ஊதி விடுறது... இது மூணும் தெரிஞ்சா பாதி வியாதி தீர்ந்தது. அதுக்கப்புறம் வந்த எக்ஸெல் வண்டிகள்ல காலுக்கு முன்னாடி இடமும் தாராளம். கேனை வைக்கலாம், கூடையை வைக்கலாம். வெயில் ஏறுறதுக்குள்ள மீன் பொன்னேரிக்கோ மீஞ்சூருக்கோ போய்ச் சேரணும். பஸ்ஸுக்குக் காத்திருந்தா நண்டு காத்திருக்கும், இறால் காத்திருக்காது!

எண்பதுகள்ல ஜப்பான் கூட்டு வண்டிகள் வந்தது. 1984-ல இண்ட்-சுசுகி, 1985-ல ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருஷம் யமஹா ஆர்எக்ஸ் 100. பெட்ரோல் போட்டு மூடிட்டு மறந்துடலாம்னு ஹீரோ ஹோண்டா விளம்பரம் பண்ணுச்சு. யோசிச்சுப் பாருங்க, வண்டியை மறக்கறதே ஒரு வசதியா விக்கப்பட்டது அப்பத்தான். உண்மையிலேயே நல்ல வண்டிகள்தான், குறை சொல்லல. ஆனா உப்புக்காத்துக்கு மறதி கிடையாதே.

2004 சுனாமிக்கு அப்புறம் இன்னொரு மாற்றம். தமிழ்நாட்டுக் கரை முழுக்க நிவாரணமா ஃபைபர் படகுகளும் எஞ்சின்களும் வந்து இறங்கிச்சு. வண்டியில கை பழகினவங்க படகு எஞ்சினையும் பிரிச்சாங்க, படகுல பழகினவங்க வண்டியைப் பிரிச்சாங்க. ஸ்பேனர் ஒண்ணுதான். எனக்கு இதுல ஆச்சரியமே இல்லை. மீன்பிடிக்கிறவங்க வலை கிழிஞ்சா கடைக்கா ஓடுறாங்க? கரையில உட்கார்ந்து ஊசியும் நூலுமா அவங்களேதான் சரி பண்றாங்க. அதே புத்திதான் எஞ்சின்லயும்.

இதுவரைக்கும் நல்லாத்தான் போச்சு. சிக்கல் இனிமேதான்.

ரெண்டு ஸ்ட்ரோக் வண்டி எளிமையானது, ஆனா புகை கக்கும். எரியாத பெட்ரோல்லயே ஒரு பங்கு புகைக்குழாய் வழியா வெளியே போயிடும். 1996-லயும் 2000-லயும் மாசு விதிகள் இறுகிச்சு. ஆர்எக்ஸ் 100 1996-லயே நின்னுபோச்சு. 2015-ல எக்ஸெல் 100 நாலு ஸ்ட்ரோக்கா வந்தது. 2020 ஏப்ரல் 1-லேருந்து நாடு முழுக்க பிஎஸ்-6. கார்பரேட்டர் போய் எக்ஸெல்லுக்கும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தாச்சு. சென்சார், கம்ப்யூட்டர், ஏதாவது கோளாறுன்னா எரியுற மஞ்சள் விளக்கு. நம்ம குழந்தைங்க மூச்சுக்கு இது நல்லதுதான். சந்தேகமே வேண்டாம்.

ஆனா அந்த மஞ்சள் விளக்கு பழவேற்காட்டுல எரிஞ்சா? உப்புக்காத்து பட்டு ஒயர் கனெக்டர்ல பச்சையா களிம்பு பூத்திருக்கும். அவ்வளவுதான் கோளாறா இருக்கும். துடைச்சு மாட்டினா சரியாயிடும். ஆனா எந்தக் கனெக்டர்னு சொல்ல ஸ்கேனர் வேணும். அது கம்பெனி சர்வீஸ் சென்டர்ல இருக்கும். வண்டியைத் தூக்கிக்கிட்டுப் போய் வர ஒரு நாள் போச்சுன்னா, அன்னிக்கு மீனும் போச்சு, அன்னிக்குச் சோறும் போச்சு.

பழசுதான் ஒசத்தின்னு புலம்புற பதிவு இல்லைங்க இது. புல்லட் பாயிண்ட்டுக்குப் பதிலா எலக்ட்ரானிக் இக்னீஷன் வந்தப்பவும் "இனிமே நாம கை வைக்க முடியாது"ன்னுதான் சொன்னாங்க. அப்புறம் அதையும் கத்துக்கிட்டோம். மல்டிமீட்டர் பிடிக்கிறது ஒண்ணும் வலை பின்னுறதைவிடக் கஷ்டம் இல்லை. கத்துக்க ஆளு இருக்கு, விவரம்தான் பூட்டிக் கிடக்கு. 2022-ல மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டு, அந்த வருஷ டிசம்பர்லயே ஒரு இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான் கூட மோட்டார் வண்டிகளும் அந்தப் பட்டியல்ல உண்டு. நல்ல ஆரம்பம். ஆனா எந்தச் சென்சார் எங்கே இருக்கு, எந்த எண் எந்தக் கோளாறுன்னு தமிழ்ல நாலு பக்கம் குப்பம் வரைக்கும் வந்து சேர்ந்தாதான் அந்த உரிமைக்கு அர்த்தம்.

கிளம்பும்போது அந்த அண்ணன்கிட்ட கேட்டேன், "புது வண்டி வாங்கலாமேண்ணே?"

"வாங்கலாம் தம்பி. புள்ளைக்கு அதைப் பிரிக்கத் தெரியட்டும், வாங்கிக்கலாம்."

பையன் பக்கத்துல உட்கார்ந்து, அப்பா போட்டு வெச்ச உப்புத்தாளை விரல்ல தேய்ச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தான்.

உங்க ஊர்ல, உங்க வீட்டுல யாராவது இப்படி வண்டியைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தா, அவங்க கதையையும் எழுதுங்க மக்களே. அவங்க வித்தையை யாரும் புத்தகமாப் போடல. நாமதான் எழுதி வைக்கணும்.