ஒரே பந்தி

1937 டிசம்பரில் நம் நீடாமங்கலத்தில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டில் சமபந்தியில் அமர்ந்து உண்டதற்காக நம் முன்னோர் அடிக்கப்பட்டனர். மொட்டையடிக்கப்பட்டுச் சாணிப்பால் புகட்டப்பட்டனர். அக்கொடுமையை 'விடுதலை' ஏடு வெளிக்கொணர்ந்தது.

காமராசர் ஆட்சியில் 1956இல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். அரசாணை சோற்றைத் தந்தது. யார் அருகில் யார் அமர்வது என்பதோ ஆரம்பப்பள்ளி ஆசிரியர் கையில் இருந்தது.

அந்நாளில் நான் பயின்ற பள்ளியிலும் பிள்ளைகள் தெருவாரியாகவே பிரிந்து உண்டனர். எம் ஆசிரியர் எவரையும் கடியவில்லை. மறுநாள் வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி அமர்த்தி, எங்களிடையே தாமும் தட்டுடன் உட்கார்ந்தார். முறையிட வந்த பெற்றோரிடம், "பதிவேட்டில் தெருப்பெயர் இல்லையே" என்றார். இருவர் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்து, அதே வரிசையில் அமர்ந்தனர்.